வெர்லின் டாக்கெட் வாய் திறக்காத குளிர்காலம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் டயர் கடைக்குச் சக்கரம் மாற்ற வந்த ஒருவன், "வெர்லின் எல்லாத்தையும் சட்டப்படிதானே செஞ்சாரு, அவர்மேல என்ன தப்பு?" என்று கேட்டான். சக்கரத்தை மாட்டி அவனை அனுப்பினேன். பதில் அவன் போன பிறகு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

"சட்டப்படி" என்று யாராவது சொன்னால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். கதை எழுதுகிறவர்களையும் நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்துத்தான். எங்கே பூசி மெழுகுகிறேன் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஓக்லஹோமாவின் பரந்த வானத்தின் கீழே தகரக் கதவுகள் வெள்ளியாய் மின்ன, அந்தக் காலை..."

அடித்துவிட்டேன். எதுவும் மின்னவில்லை. பிப்ரவரி மாதம். வானம் அடிப்பிடித்த அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது.

2

வெர்லின் டாக்கெட்டுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாடு மேய்ந்த நிலத்தில் வரிசையாகத் தகர அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வீட்டில் இடம் போதாதவர்கள், வீட்டையே இழந்தவர்கள், புருஷனைப் பிரிந்தவர்கள் எல்லோரும் சாமானைப் போட்டுத் தங்கள் பூட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள். வாடகை நின்றால் அந்தப் பூட்டுக்கு மேலே வெர்லின் தன் சிவப்புப் பூட்டைப் போடுவார். பிறகு கடிதம், பத்திரிகை விளம்பரம், கடைசியில் உள்ளே இருக்கும் சாமான் ஏலம். இந்த வரிசையில் ஒன்று தப்பினாலும் வாடகைக்காரர் வழக்குப் போட்டு உரித்துவிடுவார் என்பது வெர்லினின் தீராத பயம்.

அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டது மகள் ஷெல்பி. வக்கீலிடம் கேட்டுவந்து அவள் ஒரு கட்டளை போட்டாள்.

"அப்பா, பாக்கி வெச்சவங்ககிட்ட வாயைத் திறக்காதீங்க. நீங்க 'பாத்துக்கலாம்'னு ஒரு வார்த்தை விடுவீங்க. நாளைக்கு கோர்ட்ல 'தவணை குடுத்தாரு'ன்னு நிப்பாங்க. பேசறது எழுத்துல மட்டும்தான்."

"எனக்குப் பேசவே பிடிக்காதுடி."

"அப்ப ரொம்ப வசதி."

3

பதினான்காம் அறை நோரீன் ஸ்பைவியுடையது. உள்ளே இருந்தது ஒரே ஒரு பொருள்: எண்ணெய்க் கிணற்றுக் குழாயை வெட்டி, பற்றவைத்து, சக்கரம் மாட்டிய பெரிய புகையடுப்பு. மாட்டு நெஞ்சுக்கறியை ஓக் மர விறகின் புகையிலேயே வேகவைப்பது. அவள் கையாலேயே வெல்டிங் செய்தது. வசந்தம் வந்ததும் அதை நெடுஞ்சாலை ஓரத்துக்கு இழுத்துப்போய்ச் சொந்தக் கடை போட வேண்டும், சாப்பாட்டுக் கடையில் பிறத்தியாருக்குத் தட்டு ஏந்துவதை அன்றோடு நிறுத்த வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு திட்டம்தான். இடம்கூடப் பேசி வைத்திருந்தாள்.

(அவளுக்கு நோயாளிக் குழந்தை ஒன்றைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வாசகர் கலங்குவார். வேண்டாம். அவளிடம் இருந்தவை உரத்த சிரிப்பும் கெட்டுப்போன முழங்காலும்தான். அதற்குக் கலங்க முடியாது என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

வாடகை அவளுடைய வங்கி அட்டையிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. எவனோ அட்டை எண்ணைத் திருடியதால் வங்கி புது அட்டை கொடுத்தது. பழைய அட்டையோடு வாடகையும் நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கச் சொல்லி ஷெல்பி அனுப்பிய கடிதம் அவளுடைய பழைய முகவரிக்குப் போனது. அந்த வீட்டை அவள் எப்போதோ காலி செய்துவிட்டாள்.

இனி வருவதை மெதுவாகப் படியுங்கள். வீடு மாறியதை அவள் வெர்லினிடம் சொல்லியிருந்தாள். காபிக் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். ஏனென்றால் அவள் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையில்தான் வெர்லின் தினமும் காலையில் முட்டை சாப்பிட்டார்.

4

"என்ன பெரியவரே, என் அடுப்பு சௌக்கியமா?"

"இருக்கு."

"குளிருக்குப் போர்வை கீர்வை போத்தி விட்டீங்களா?"

"ம்."

"வார்த்தைக்கும் வாடகை கேக்கறாங்களா என்ன? சும்மா பேசுங்க, நான் ஷெல்பிகிட்ட சொல்ல மாட்டேன்."

கடையே சிரித்தது. பக்கத்து மேசையிலிருந்து நானும் சிரித்தேன். வெர்லின் தட்டையே பார்த்தார். வாடகையை நிறுத்திவிட்டு அடுப்பை வேறு நலம் விசாரிக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சில காலைகளில் சொல் நாக்கு நுனிவரை வந்துவிடும். "ஏம்மா, உன்..." என்று தொடங்குவார். வக்கீல் ஞாபகம் வரும். ரொட்டியை வாயில் திணித்துக்கொள்வார்.

(அவர் மனதுக்குள் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். பிற்பாடு அவரே சொன்னார். சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. நம்பிய பாதி இது.)

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. அவள் ஊற்றினாள், அவர் குடித்தார். வசந்தம்வரை அவள் எட்டிப் பார்க்கத் தேவையில்லாத பதினான்காம் அறைக் கதவில் சிவப்புப் பூட்டு தொங்கியது.

5

ஏலத்தன்று காலை, பழைய சாமான் வாங்கி விற்கும் டாயில் சாப்பாட்டுக் கடைக்கு வந்தான். நோரீன் அவனுக்குக் காபி ஊற்றினாள்.

"சீக்கிரம் குடு நோரீன். வெர்லின் இடத்துல ஏலம் இருக்கு. பதினாலாம் நம்பர்ல நல்ல புகையடுப்பு ஒண்ணு வருதாம்."

"எத்தனாம் நம்பர்?"

"பதினாலு. யாரோ ஏமாளியோடது."

அவள் கூஜாவை அவன் மேசையிலேயே வைத்தாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

(டாயிலை இன்னும் கெட்டவனாக எழுதியிருந்தேன். அவன் அப்படியில்லை. சாதாரணமாகக் கெட்டவன்.)

6

ஏலம் எடுப்பவர்கள் வாசல் கோட்டைத் தாண்டக் கூடாது. வெளியே நின்று, டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணாலேயே விலை போட வேண்டும். நான் உட்பட அங்கே வந்திருந்த யாரும் அதை மீறியதில்லை. ஷெல்பி சிவப்புப் பூட்டைத் திறந்து, நோரீனின் பூட்டை வெட்டிக் கதவைத் தூக்கினாள். டார்ச் வெளிச்சங்கள் அடுப்பின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தபோது நோரீன் நொண்டிக்கொண்டே எங்களை விலக்கி உள்ளே போய் அடுப்பின்மேல் கையை வைத்தாள்.

"வெளிய வாம்மா," என்றார் வெர்லின். அந்தக் குளிர்காலத்தில் அவளிடம் அவர் பேசி முடித்த முதல் வாக்கியம்.

"அடேயப்பா, பேச வருதே உங்களுக்கு!"

ஷெல்பி குறுக்கே வந்தாள். "கையெழுத்து வாங்கற தபால்ல கடிதம் அனுப்பினோம், நோரீன்."

"எந்த வீட்டுக்கு?"

"நீங்க எழுதிக் குடுத்த வீட்டுக்கு. மாறினா எழுத்துல தரணும்னு ஒப்பந்தத்துல இருக்கு."

"உங்கப்பாகிட்ட நேர்ல சொன்னேனே! கேட்டுட்டு இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வேணும்னாரு மனுசன்!"

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி, தனியாகச் சிரிப்பதை உணர்ந்து நிறுத்தினான்.

நோரீன் பையிலிருந்து பணத்தை எடுத்தாள். கடை போடும் இடத்துக்கு முன்பணமாக வைத்திருந்தது. "வாடகை பாக்கி முழுசும் தரேன். அது என் கடன். ஆனா காலி வீட்டுக்குப் போட்ட தபாலு, எவனும் படிக்காத விளம்பரம், இப்ப வெட்டின பூட்டு, இதுக்கெல்லாம் ஒத்தக் காசு தர மாட்டேன். ஒரு நாள் வாயைத் திறந்திருந்தா ஒண்ணுமே செலவாகியிருக்காது."

ஷெல்பி அப்பாவின் காதில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "வாங்காதீங்க. குறைச்சு வாங்கிட்டா இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் செல்லாமப் போயிடும். கடிதத்துலேர்ந்து மறுபடியும் ஆரம்பிக்கணும். ஊர்ல அத்தனை பேரும் இதையே கேப்பாங்க."

7

ஒரு முடிவு: வெர்லின் பணத்தை வாங்கிக்கொண்டார், அவர் கண்ணில்...

வேண்டாம். ஒரு நீட்டிய கையில் ஒரு குளிர்காலம் கழுவப்பட்டுவிடும். நீங்கள் அவரை நல்லவர் என்பீர்கள்.

இன்னொரு முடிவு: வாங்கவில்லை. அடுப்பு டாயிலுக்குப் போனது. நீங்கள் சட்டத்தைத் திட்டுவீர்கள். அதையும் அனுமதிக்க மாட்டேன். தினமும் அவள் கடையில் உட்கார்ந்து முட்டை தின்றது சட்டம் இல்லை.

மூன்றாவது: ஏலத்துக்கு வந்த ஒருவரும் விலை கேட்கவில்லை, ஊரே ஒன்றாகக் கைகட்டி நின்றது. அழகான முடிவு. அங்கே நின்றவர்களை எனக்குத் தெரியும். சும்மா கிடைத்தால் சவப்பெட்டியின் கைப்பிடியையும் கழற்றிக்கொள்கிறவர்கள்.

உண்மையில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், அங்கேதான் நின்றேன். சொல்ல மாட்டேன். என் கடைக்கு வந்தவனுக்கும் சொல்லப் போவதில்லை. எது நடந்தது என்று தெரிந்த உடனே அவன் அதற்கேற்ற நியாயம் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவான்.

8

இதுவரைக்கும்தான் எழுதுவேன். நோரீனின் கை நீண்டிருக்கிறது. வெர்லினின் கைகள் கோட்டுப் பைக்குள் இருக்கின்றன. அவர் பார்வை அவளுடைய காலணியில் இருக்கிறது.

"கீழ என்ன இருக்கு? இங்க பாரு, வெர்லின். வாங்கு, இல்ல வித்துடு. எதைச் செஞ்சாலும் என் முகத்தைப் பாத்துச் செய்."

அவர் நிமிர்ந்தார்.

மூன்றாம் பகுதியிலிருந்தே உங்களுக்கும் எல்லாம் தெரியும். நீங்களும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வழியில்லை என்பீர்கள், அவரும் அதையேதான் சொன்னார். இப்போது அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையிலிருந்து கையை எடுங்கள்.