வீடு இழுக்கக் கேட்டவள்

கடல் தின்றது போக ஓர்ஃபெலினாவின் கொல்லையில் மிஞ்சியது ஒரு கோழிக்கூடும் கொஞ்சம் புல்லும்தான். அடுத்த பெருமழைக்கு வீடும் சரிந்துவிடும். நல்லவேளை, மரவீடு. அடியில் கட்டைகளைச் செருகி, எருதுகளைப் பூட்டி, பக்கத்து ஊர் லியும்கோவில் அவளுக்கு இருந்த மேட்டு நிலத்துக்கு இழுத்துவிடலாம். சிலோயே தீவில் வீடுகளும் நடக்கும். ஆனால் அவள் ஊரில் எருதுகள் போதாது. லியும்கோக்காரர்களும் வந்தாக வேண்டும்.

"அத எங்கிட்ட விடும்மா" என்றார் ஊர்ச் சங்கத் தலைவர் ரோசெந்தோ. விட்டாள். அவர் ரேடியோவில் அறிக்கை வாசித்தார். அதில் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் வந்தது. 'எருது' என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது.

குறித்த நாளில் லியும்கோவிலிருந்து ஒரு கன்றுக்குட்டிகூட வரவில்லை. ஊருக்கெல்லாம் சமைத்த ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது. "பொறாமை" என்று விளக்கினார் தலைவர்.

ஓர்ஃபெலினா சேற்றில் நடந்துபோய், லியும்கோவின் மூத்த மாட்டுக்காரர் பால்தோவினோவின் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, ரேடியோ கேக்கலையா?"

"கேட்டேனே. வேணும்னா அந்த ரேடியோவே வந்து இழுக்கட்டும்."

அவளுக்குச் சுருக்கென்றது. வீடு இழுக்க ஆள் வேண்டுமென்றால் வாசல் வாசலாகப் போய், முகம் பார்த்துக் கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம். அதைப் போய் ஒரு தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறாள்.

"தப்பு எம்மேலதான். இப்ப நானே கேக்குறேண்ணே. என் வீட்ட இழுத்துக் குடுங்க. தனியா முடியல."

பால்தோவினோ தொப்பியைக் கழற்றினார். "இதக் கேக்க இவ்வளவு நேரமா? விடிஞ்சதுலேருந்து நுகத்தோட நிக்குதுங்க. அதுங்க ஒன்னத் திட்டுறது காதுல விழலையா?"

அவர் வீட்டின் பின்னால் லியும்கோவின் எருதுகள் அத்தனையும் நின்றிருந்தன.

மதியம், கயிறுகள் விறைத்து நிற்க, ரோசெந்தோ அவள் வீட்டு வாசற்படியில் ஏறினார். "வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த…"

பால்தோவினோ மாடுகளை அதட்டினார். வீடு கிளம்பிவிட்டது. தலைவர் கதவு நிலையைக் கட்டிப்பிடித்தபடி ஊர் எல்லையைக் கடந்தார்.

"எறங்குறீங்களா தலைவரே, இல்ல குடித்தனமே வர்றீங்களா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

வீடு நின்றதும் ஓர்ஃபெலினா உள்ளே போனாள். கோப்பைகள் ஆணியிலேயே தொங்கின. ஜன்னலில் கடலைக் காணோம், ஒரு வேலி. வேலிக்கு அப்பால் பால்தோவினோவின் மனைவி கெட்டிலோடு நின்றாள்.

"தண்ணி கொதிச்சிருச்சு. மாத்தே குடிக்க வர்றியா? பாரு, நேர்லயே கேக்குறேன்."