மூன்றாம் பேட்ச்சில் இருந்த பெயர்

“என் பேரை அதுலேருந்து எடுங்க. எடுக்க முடியாதுன்னா பதினோரு பேட்ச்சையும் வாபஸ் வாங்குங்க. இன்னிக்கே.”

கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நின்றவாக்கில் இதைச் சொன்னாள் மார்னி வோய்ட். திறந்த லேப்டாப்பைத் தட்டு ஏந்துவதுபோல் ஒரு கையில் ஏந்தியிருந்தாள். க்ளென் ஆஸ்ட்ரம் காபிக் கோப்பையை வாயருகே பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

போர்ட்லண்டில் இந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே பக்கத்து மேசை பினேடா அவளுக்கு ஓதியிருந்தான். “லீவு கேளு, சம்பளம் கேளு, ஜன்னலோரமா சீட்டு கேளு. லிஸ்ட்டுக்குப் போன பேட்ச்சை வாபஸ் வாங்குன்னு மட்டும் க்ளென்கிட்ட கேட்டுத் தொலைச்சிடாதே. கேட்டவன் ஒருத்தன் இருந்தான். இப்ப யாரும் சீண்டாத பிரிண்டர் டிரைவர் நிரல் எழுதறான், பாவம்.”

லிஸ்ட் என்பது கெர்னல்காரர்களின் சந்தை. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற அந்த நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் அதைப் பேட்ச்சாகக் கட்டி மெயிலில் அனுப்ப வேண்டும். உலகமே பார்க்கும், கிழிக்கும், திட்டும். போன மெயிலைத் திரும்ப எடுக்க முடியாது; வாபஸ் என்றால் எல்லார் முன்னாலும் இன்னொரு மெயில் போட்டுத் தப்பை ஒப்புக்கொள்வதுதான். டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் ஒரு பகுதிக்கு இருபத்திரண்டு வருஷமாகக் க்ளென்தான் பொறுப்பு. லிஸ்ட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். இந்தப் பதினோரு பேட்ச்சையும் ஒரே கட்டாக அங்கே அனுப்பியவர் அவர்தான். இங்கே, இந்தக் கட்டடத்தில், அவர் மார்னிக்கு மேலாளரும்கூட. வினை அங்கேதான்.

“முதல்ல உட்காரு கண்ணு,” என்றார்.

“உட்கார வரல. மூணாவது பேட்ச்ல ‘படித்துப் பார்த்தவர் மார்னி வோய்ட்’னு இருக்கு. நான் எப்பப் படிச்சேன்?”

“மார்ச்ல படிச்சியே. நல்லாருக்குன்னு நீதான் எழுதின.”

“அது ரெண்டாம் பதிப்பு. இப்பப் போயிருக்கறது நாலாம் பதிப்பு.”

“பெருசா மாத்தலேன்னா பழைய பேரை அப்படியே கொண்டுபோறது வழக்கம்தானே? எல்லாரும் செய்யறதுதான். நீயும் செஞ்சிருக்க.”

செய்திருந்தாள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, படித்தவர்களின் பெயரை அடுத்த பதிப்பிலும் விட்டுவைப்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம். திரும்பத் திரும்ப ஆளைப் படிக்கச் சொல்லித் தொந்தரவு செய்யாமல் இருக்க வந்த மரியாதை அது. அந்த மரியாதைக்குள்தான் இந்த மனிதர் கையை விட்டிருந்தார்.

ஒரு நிரல் ஃபைலில் ஏதாவது எழுதியபின், ‘நான் எழுதினது டிஸ்க்குக்குப் போச்சா?’ என்று கெர்னலைக் கேட்கும். போகவில்லை என்றால் போகவில்லை என்று கெர்னல் சொல்லியாக வேண்டும். ஒரே ஃபைலை இரண்டு நிரல்கள் திறந்து வைத்திருந்தால் இரண்டுக்கும் சொல்ல வேண்டும். க்ளென் மாற்றியது அந்தக் கேள்வியைக் கேட்கும் முறையை. மார்னி படித்த இரண்டாம் பதிப்பில் கேள்வியின் வடிவம் மட்டும்தான் மாறியிருந்தது. நாலாம் பதிப்பிலோ முதலில் கேட்கிற நிரலுக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, கெர்னல் அதை அத்தோடு மறந்துவிடுகிறது. இரண்டாவது நிரல் வந்து கேட்டால், ‘எல்லாம் போயாச்சு’ என்கிறது. பேட்ச்சின் தலையிலோ, ‘நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லை’ என்று பழைய வரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவளுக்கே காலையில்தான் தெரிந்தது. ஒட்டாவாவிலிருந்து ஒருவர் லிஸ்ட்டில் எழுதியிருந்தார். ‘வோய்ட் பார்த்துவிட்டார் என்றால் சரியாகத்தான் இருக்கும். நான் மறுபடி படிக்கப் போவதில்லை.’ வேறொரு நாளாயிருந்தால் அந்த வரியைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருப்பாள். என்ன பார்த்தோம் என்று சந்தேகம் வந்து நாலாம் பதிப்பைத் திறந்தவளுக்குக் காது மடல் சுட்டது.

“சோதிச்சுப் பார்த்தேன். வேணும்னே பழுதாக்கின டிஸ்க்ல ரெண்டு நிரலை ஓட்டினேன்.” லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள். “ரெண்டாவதுக்கு ‘போயாச்சு’ன்னு பதில் வருது. ஃபைலைத் திறந்து பார்த்தா உள்ளே வெறும் பூஜ்ஜியம். நாப்பது தடவை ஓட்டினேன். நாப்பது தடவையும் பொய்.”

க்ளென் திரையைப் பார்க்கவில்லை. “நம்ம பெரிய வாடிக்கையாளர்கிட்ட டிஸ்க்ல ஒரு சின்னக் கோளாறு வந்தா அறுநூறு நிரல் ஒரேயடியா அலறுது. ஒண்ணு அலறினாப் போதும்னு கேட்டாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு.”

“அப்ப அதை லிஸ்ட்ல சொல்லுங்க. ‘நடத்தையை மாத்தறோம், வாடிக்கையாளர் கேட்டார்’னு எழுதுங்க.”

“எழுதினா ஆறு மாசம் அடிச்சுக்குவாங்க. புதுப் பேட்ச் வாங்கறது திங்கட்கிழமை ஆரம்பிக்குது. இப்ப உள்ளே போகட்டும், அடுத்த தடவை திருத்திக்கலாம்.”

“நிரலுங்க கெர்னல்கிட்டக் கேக்கற முறை ஒரு தடவை வெளியே போயிட்டா திரும்ப மாத்த முடியாதுன்னு போன மாசம் ஒரு சின்னப் பையனை லிஸ்ட்ல நாறடிச்சது யாரு? நீங்கதானே?”

“அவன் செஞ்சது வேற.”

“ஆமா, வேறதான். அவன் தெரியாம செஞ்சான்.”

க்ளென் கோப்பையை வைத்தார். மீசையை நீவிக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, பெரிய மனசு பண்ணுகிறவர்போல் சொன்னார். “பதினோராவது பேட்ச் என்னன்னு தெரியுமில்ல?”

தெரியும். பொறுப்பாளர்கள் பட்டியலில் க்ளென் ஆஸ்ட்ரம் என்ற வரிக்குக் கீழே மார்னி வோய்ட் என்று ஒரு வரி சேர்க்கிற பேட்ச் அது. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடாமல் அவள் அடுத்தவர் பேட்ச்களைப் படித்தது அந்த ஒரு வரிக்காகத்தான். அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் எந்தக் கம்பெனியும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

“கட்டு ஒண்ணாத்தான் உள்ளே போகும், இல்லேன்னா ஒண்ணாத்தான் வெளியே வரும்,” என்றார் க்ளென். “வெளியே வந்தா உன் பேரை நான் இன்னொரு தடவை அனுப்ப மாட்டேன். மிரட்டல்னு நினைக்காதே. நிலைமையைச் சொல்றேன்.”

“மிரட்டல்தான். சொல்லிட்டுப் போங்க, எனக்கொண்ணும் இல்லை.”

“‘படித்துப் பார்த்தவர்’னு ஒரு வரிக்காகவா இந்தக் குதி குதிக்கறே? அது வெறும் சடங்கு, மார்னி. அதை யார் படிக்கறாங்க?”

விஸ்கான்சினில் வான்கோழி வெட்டும் ஆலையில் அவளுடைய அப்பா வேலை பார்த்தார். ஒரு நாள் மின்னறுவாளின் காப்புத் தகடு கழன்று ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. அன்று காலை இயந்திரத்தைச் சோதித்தவர் யார் என்று தாளைப் புரட்டினால் அப்பாவின் பெயர். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. மேஸ்திரிதான் தினமும் நிரப்பிவந்தார், எல்லாருக்கும் சேர்த்து, சடங்காக. அப்பாவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். விரல் போனவனின் பெண்டாட்டி கடைத்தெருவில் அப்பாவைப் பார்த்துக் காறித் துப்பினாள். அப்பா துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இதையெல்லாம் க்ளெனிடம் சொல்ல மார்னிக்கு மனம் வரவில்லை. சொன்னால், ‘ஐயோ, பாவம்’ என்பார். அந்தப் பாவத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியாது.

“ஒட்டாவாக்காரர் படிக்கறார்,” என்றாள். “என் பேரைப் படிச்சுட்டு, பேட்ச்சைப் படிக்காம விட்டுட்டார். அதுக்குத்தானே அதை அங்கே வச்சீங்க? உங்க பேட்ச்சுக்கு உங்க பேர் பத்தாதா?”

க்ளெனின் முகம் சிவந்தது. “இந்தா பாரு, லிஸ்ட்ல என் பேட்ச் சரியா தப்பான்னு சொல்ல உனக்கு...”

“எனக்கு?”

அவளைப் பொறுப்பாளராக்கச் சொல்லி லிஸ்ட்டுக்கு அனுப்பியதே அவர்தான்.

மார்னி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். காலையிலேயே எழுதிவைத்த மெயில் அதில் திறந்தே இருந்தது. ஆறு வரி. மூன்றாவது பேட்ச்சின் நாலாம் பதிப்பைத் தான் படிக்கவில்லை. அதில் உள்ள தன் பெயர் தன்னைக் கேட்காமல் போட்டது. அது நடத்தையை மாற்றுகிறது. சோதனை நிரல் கீழே உள்ளது. இதை ஏற்கக் கூடாது. பதினோராவது பேட்ச்சும் வேண்டாம். கடைசி வரியை அவள் தட்டிய நேரத்தில் பினேடா முதுகுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “அடிப்பாவி, பிரிண்டர்கூடக் கிடைக்காது உனக்கு,” என்று சொல்லியிருந்தான்.

“கம்பெனிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் லிஸ்ட்ல அடிச்சுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு,” என்றார் க்ளென் அவசரமாக. “உள்ளே பேசித் தீர்த்துக்கலாம். நாளைக்குச் சாப்பிட்டுட்டு உட்காருவோம். மார்னி. அதை அனுப்பினா நீ இங்கே வேலை பார்க்க முடியாது.”

“தெரியும்.”

அனுப்பினாள். அவருடைய மேசைமேல் இருந்த போன் உடனே ஒரு தடவை அதிர்ந்தது. லிஸ்ட்டுக்குப் போகும் எல்லா மெயிலும் அவருக்கும் வரும். அவர் அதை எடுக்கவில்லை.

லேப்டாப் கம்பெனியுடையது. அதை மூடாமல் அவர் முன்னாலேயே விட்டாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தன் மேசைக்குப் போய் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டாள். “எங்கேடி?” என்றான் பினேடா. அவள் நிற்காமல் படியிறங்கினாள்.