நீளம் முப்பத்தைந்து, முட்டி இருபத்திரண்டு

அப்துல் கஃபார் வீட்டு ஆண்கள் ரெடிமேட் பேண்ட் வாங்குவதில்லை. கம்பெனிக்காரனுக்கு மனுஷனின் முட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாது என்பது கஃபாரின் தீர்ப்பு. மகன் தௌஃபீக் கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை தி. நகரில் முட்டி கிழிந்த ஜீன்ஸ் வாங்கி வந்தான். கால் நீளத்துக்குப் பார்த்து வாங்கியதுதான். போட்டால் கிழிசல் தொடையில் நின்றது. வீடே ஒரு வாரம் சிரித்தது. கம்பெனிக்காரனைத் திட்டினார்கள். குனிந்து காலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சகினா இந்தக் கதையை மருமகளாக வந்தபின் கேட்டவள். கச்சேரி ரோட்டில் மாமனாரின் தையல் கடையில் பத்து வருடமாகத் துணி வெட்டுகிறாள். ஊருக்கெல்லாம் வெட்டுவாள். வீட்டு ஆண்களுக்கு மட்டும் கஃபாரே வெட்டுவார். அந்த அளவு நோட்டைக்கூட அவர் கொடுத்ததில்லை.

அவள் மகள் ஆயத்துக்கு ஒன்பது வயது. முழங்காலுக்குக் கீழே கால் குட்டை. அடையாறில் டாக்டர் மாளவிகா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"கீழ்க்கால் எலும்பு குட்டையா வளருது. பரம்பரையா வர்ற மாதிரி தெரியுது. குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"

"எங்க வம்சத்துலயே கெடையாது டாக்டர்" என்றார் கஃபார். சொல்லிவிட்டுச் சகினாவைப் பார்த்தார். சகினாவைப் பெற்ற அத்தா இனாயத் ஆறடி உயரம். அது எடுபடவில்லை.

அறுவை உண்டு என்றார் டாக்டர். எலும்பை வெட்டி, காலைச் சுற்றி வளையம் மாட்டி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். பல மாதம். வலி இருக்கும். கட்டாயமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

கஃபார் ஆட்டோவிலேயே யோசித்து முடித்துவிட்டார். "முழுப்பரீட்சை லீவுல பண்ணிடலாம். நம்ம வீட்ல இவ ஒருத்தி மட்டும் இப்டி நிக்கிறதா?"

ஐந்தடி ஒரு அங்குல மனிதர் இதைச் சொன்னார். தௌஃபீக் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் வெளியே பார்த்தான். சகினா மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நேராக இருந்தது. வலிக்கிறது என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. இதை எதற்கு உடைக்க வேண்டும்?

அடுத்த மாதம் கஃபாருக்குக் கண்புரை எடுத்தார்கள். வீட்டு ஆண்களின் பெருநாள் துணி வெட்ட வேறு ஆள் இல்லை. நோட்டு சகினா கைக்கு வந்தது.

கஃபார்: நீளம் 35, முட்டி 22. தௌஃபீக்: 35½, 22½. கஃபாரின் மறைந்த அத்தா மெஹபூப் அலி: 34, 21½.

சகினா முதலில் கைப்பிழை என்று நினைத்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். இடுப்பிலிருந்து முட்டி இருபத்திரண்டு என்றால் நீளம் நாற்பதுக்குக் குறையாது. வெட்டத் தெரிந்த எவருக்கும் தெரியும். ஆயத்தைக் கூப்பிட்டு டேப் வைத்தாள். நீளம் 24½, முட்டி 16. அதே கணக்கு; முட்டிக்குக் கீழேதான் குறைச்சல்.

மறுமுறை டாக்டரிடம் போனபோது நோட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். கஃபார் வாயைத் திறப்பதற்குள் சகினா ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள்.

"மாமா, இந்த அளவுல ஒரு பேண்ட் வந்துகீது. வெட்டலாமா?"

"ஆஸ்பத்திரில இன்னாம்மா பேண்ட்டு?" என்றாலும் வாங்கிப் பார்த்தார். தொழில் அது. "முப்பத்தஞ்சு நீளம், இருபத்திரண்டு முட்டி. எவன் எடுத்தான் இத? இப்டி ஒரு மனுசன் இருக்க மாட்டான். திருப்பி அளந்துக்கினு வரச் சொல்லு."

"நீங்கதான் எடுத்தீங்க. உங்க காலு."

நோட்டை மேசையில் விரித்தாள். கஃபார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மூன்று பக்கம் புரட்டினார். தன் கையெழுத்தை எப்படி மறுப்பது?

"அத்தா," என்றான் தௌஃபீக், "அந்த ஜீன்ஸ்காரன் பாவம்."

"வாய மூடுறா."

டாக்டர் கஃபாரை எழுந்து நடக்கச் சொன்னார், இந்த எலும்புக் குறை கையிலும் தெரியும் என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "கால் வலி இருக்கா?"

"நாப்பத்தஞ்சு வருசமா பெடல் மிஷின் மிதிக்கிறேன். இன்னா வலி?" என்றார் கஃபார், கோபமாக. சொன்னபின்தான் ஆபரேஷன் வேண்டாம் என்று தானே தீர்ப்பு எழுதிவிட்டது அவருக்கு உறைத்தது.

அப்பா, மகன் இருவருக்கும் எக்ஸ்ரே எழுதினார் டாக்டர். இரத்தப் பரிசோதனையும் உண்டு. "வருஷத்துக்கு ஒரு தடவை பாப்பாவைக் காட்டுங்க. இப்ப ஆபரேஷன் வேணாம். பெரியவளாகி அவளே கேட்டா அப்பப் பேசலாம்."

எக்ஸ்ரே அறை வாசலில் கஃபார் சகினாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டை அவள் கையில் கொடுத்தார். "இனிமே வீட்டுதும் நீயே வெட்டு."

"சரி மாமா."

ஆயத் அம்மாவின் துப்பட்டாவை இழுத்தாள். "எனக்கு முட்டி கிழிஞ்ச ஜீன்ஸ் வேணும்."

அன்று சாயங்காலம் சகினா அவளைக் கட்டிங் மேசைமேல் நிறுத்தி, ஜீன்ஸ் துணியைக் காலோடு சேர்த்துப் பிடித்து, அவள் முட்டி எங்கே இருந்ததோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டாள்.