பாதியில் வெட்டிய சாட்சி

நோத்தே ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பால் கரண்டி இறைச்சிச் சட்டியில் விழுந்துவிட்டதாம். யூத வீட்டில் பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது. சட்டி ஆகுமா ஆகாதா என்று கேட்டு வரும்படி மனைவி விரட்டியிருக்கிறாள். நீமன் ஆற்றில் மரக்கட்டைத் தெப்பம் ஓட்டுகிறவன் அவன். திக்குவாய் வேறு. ஒரு கேள்வியை அவன் கேட்டு முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஷ்விலானி ஊரில் அன்று வேறு வழக்கும் இல்லை. ஊர் யூதர்களின் குருவான ரப்பி எரக்மீல் சட்டிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, குளிர் காயட்டும் என்று அவனை அடுப்பருகே உட்காரவைத்தார். பேச்சு ஆற்றுக்குப் போயிற்று. ஆற்றிலிருந்து ஷிமெலுக்குப் போயிற்று. ஆறு வருடத்துக்கு முன்னால் தெப்பத்திலிருந்து விழுந்து மூழ்கிப் போனவன் ஷிமெல்.

"இந்தக் கையாலதான் ரப்பி, கொ... கொக்கி போட்டு இழுத்தேன். தாடியில தண்ணி சொ... சொட்டிக்கிட்டே இருந்துச்சு. அப்பவே மூஞ்சியப் பாத்தேன். ஷி... ஷிமெலேதான்."

எரக்மீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயா இழுத்தே? கரையில கிடந்தான்னுதானே அன்னிக்கு சாட்சி சொன்னே?"

"க... கரையில கிடந்தான்னு ஆரம்பிச்சேன். நாங்கதான் இ... இழுத்துப் போட்டோம்னு சொல்லவர்றதுக்குள்ள, 'போதும், புரிஞ்சுது'ன்னுட்டீங்க."

"அட பாவி, அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"ரப்பிக்குத் தெ... தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுது?"

தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு பார்த்த முகம் என்றால் சாட்சி செல்லும். கரையில் கிடந்து வீங்கிய முகம் என்றால் செல்லாது. செல்லாது என்றுதான் எரக்மீல் தீர்ப்பெழுதினார். ஷிமெலின் மனைவி கிரூனா விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை என்று ஆகிப்போனாள். மறுமணம் கூடாது என்று ஆறு வருடமாகக் கட்டிப்போடப்பட்டிருந்தாள். ஒரு திக்குவாயனின் பேச்சைக் கடைசிவரை கேட்கப் பொறுமையில்லாமல் போனதால் வந்த வினை.

சனிக்கிழமை, சப்பாத்து ஓய்வுநாளன்று, ஜெப ஆலயத்தில் எல்லார் முன்பும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். ஆலயக் காரியஸ்தர் லெய்ஸர் பதறினார்.

"எதுக்கு ரப்பி வம்பு? கமுக்கமா ஒரு காயிதம் எழுதி அந்தம்மா கையில குடுத்துட்டாப் போச்சு. ஊர்ல உங்களுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கில்ல?"

"மதிப்புதான்யா இவ்வளவும் பண்ணிச்சு" என்று சொல்லிவிட்டு எரக்மீல் மேடையேறினார்.

"கிரூனா விஷயத்துல நான் சொன்ன தீர்ப்பு தப்பு. சாட்சிய நான் முழுசாக் கேக்கல."

யாரோ விசும்பினார்கள். "என்ன மனசு பாத்தியா! மோசே தீர்க்கதரிசிக்கு அப்புறம் இப்படி ஒரு தாழ்மைய யார்கிட்டக் கண்டோம்!" ஒரு கிழவர் ஓடிவந்து அவர் சட்டைக்கையை முத்தமிட்டார்.

"தாழ்மை இல்லய்யா, தப்பு! தப்புப் பண்ணிட்டேன்!" என்று கத்தினார்.

"பாரு, இன்னும் தாழ்த்திக்கறாரு" என்று பெண்கள் மாடத்தில் ஒருத்தி உருகினாள்.

எரக்மீலுக்குத் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திருடினேன் என்று சொன்னாலும் இவர்கள் மாலைதான் போடுவார்கள். எல்லாவற்றையும்விட அவரை எரித்தது இன்னொன்று: மனசின் ஒரு மூலை அந்தப் புகழ்ச்சியைச் சப்புக்கொட்டி ருசித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது கால் நடுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கிரூனாவின் வீட்டுக்குப் போனார். அவள் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கேள்விப்பட்டேன். எல்லாரும் அழுது முடிச்சாங்களா?"

"கிரூனா, நான்..."

"பீப்பாய் செய்யறவரு ரெண்டு வருஷம் எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு ரப்பி. அப்புறம் வேற கட்டிக்கிட்டாரு. அவர் பொண்ணு என் வாசல்லதான் விளையாடுது. எனக்கு நாப்பத்தொண்ணு ஆவுது. அன்னிக்கு உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?"

எத்தனையோ பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டார். "அவசரமெல்லாம் இல்ல. எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பாராட்டும் இல்லை, இரக்கமும் இல்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்கிறபோது கால் நடுங்கவில்லை என்பதை எரக்மீல் கவனித்தார்.

"உங்க கையெழுத்து மட்டும் போதாது. பாவம் பாத்துக் குடுத்தாருன்னு ஊர் பேசும். மறுகரை ரப்பி ஷாக்னா கையெழுத்தும் வேணும். அவரு சபையில இன்னொருத்தர்துமா, மூணு வேணும்."

ஷாக்னா! ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எரக்மீலின் தீர்ப்பு ஒவ்வொன்றையும் மாணவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறவர். வேறு யாரிடம் வேண்டுமானாலும் போகலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

உறைந்த ஆற்றின்மேல் பனிச்சறுக்கு வண்டியில் நோத்தேயையும் ஏற்றிக்கொண்டு போனார். ஷாக்னா அவரை மத்தியானம்வரை கூடத்தில் காக்கவைத்தார். பிறகு மாணவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, "என்னவோ தப்புன்னு சொன்னாங்களே, எல்லாரும் கேக்கட்டும், சொல்லுங்க" என்றார்.

எரக்மீல் சொன்னார். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. காது சுட்டது. ஆனாலும் குரல் இடறவில்லை. இனி ஒளிக்க அவரிடம் எதுவுமில்லை; இதற்குக் கீழே விழ இடமும் இல்லை. இத்தனை வருடம் படித்தும் ஜெபித்தும் கிடைக்காத ஒரு உறுதி அந்த இடத்தில் காலுக்கடியில் இருந்தது.

நோத்தேயின் முறை வந்தது. "கொ... கொ... கொக்கி..." என்று தொடங்கினான். ஷாக்னா விரலால் மேசையைத் தட்டினார். "சரி சரி, கொக்கி போட்டே, மேல சொல்லு."

"அவன் முடிக்கட்டும்" என்றார் எரக்மீல். "நான் முடிக்க விடல. அதனாலதான் இன்னிக்கு உங்க முன்னால வந்து நிக்கறேன்."

மேசையைத் தட்டிய விரல் நின்றது. நோத்தே சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. ஷாக்னா பேனாவை மையில் தோய்த்துக் கையெழுத்திட்டு, தன் சபையில் இன்னொருவரிடம் நீட்டினார்.

கிரூனா கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். மூன்று கையெழுத்தையும் தனித்தனியாகப் பார்த்தாள். மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிடு கிரூனா."

"இப்ப முடியாது ரப்பி. மனசு வரல. பாஸ்கா பண்டிகை போகட்டும், அப்புறமா வந்து கேளுங்க."

எரக்மீலுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு அலைந்த பிறகுமா? "வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பாஸ்கா முடிந்து, ஆற்றில் பனிக்கட்டி உடைந்து தெப்பங்கள் ஓடத் தொடங்கிய வாரத்தில் போனார். கதவு பூட்டியிருந்தது. சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். மறுநாளும் போனார்.