தாஸ்பெகெத் நிலையத்தின் கயிறு

"திரும்ப வந்துடுச்சா அக்கா?"

"டீ ஆறுறதுக்குள்ள வந்துடுச்சு."

"கத்திரி மொண்ணையா இருக்கும்" என்றாள் பயணச்சீட்டு கொடுக்கும் சவுலே.

"கத்திரி நல்லாத்தான் இருக்கு சவுலே. கால்தான் சரியில்ல."

தாஸ்பெகெத் ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர் ரவ்ஷானின் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துக் கட்டியிருந்த அந்தக் கயிறு கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கியது; நடை பழகும் குழந்தையின் காலில் கட்டி, ஊர் பார்க்க அறுத்துவிடுவார்களே, அதே கயிறு. யார் அறுக்கிறார்களோ அவர்களுடைய நடை குழந்தைக்கு வரும் என்பதால் ஆளைப் பார்த்துத்தான் கத்திரியைக் கொடுப்பார்கள். ரவ்ஷானுக்கு முப்பத்தாறு வயதில் அது மறுபடி கட்டிக்கொண்டது ஜூன் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. பதினாறு வருடங்களுக்கு முன் மூன்றாம் ஆண்டின் நடுவில் அவள் விட்டுவந்த அல்மாட்டி கல்லூரியிலிருந்து, அஞ்சல் வழியில் படிப்பைத் தொடரலாம், ஆகஸ்ட் முடிவதற்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் வந்த அன்று. அவள் படித்தது ஆறுகளைப் பற்றி. தாஸ்பெகெத்தில் ஆறு கிடையாது.

அந்தக் கோடை முழுவதும் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தால் அரை அடிக்கு மேல் காலை எடுத்து வைக்கவும் முடியவில்லை. அறிவிப்பு அறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே கோழி போலக் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். வருடத்துக்கு இரண்டு முறை இருபத்தைந்து நாள் வகுப்புக்குப் போக வேண்டும். போனால், அவளுக்குப் பதிலாக அறிவிப்பு பேசுவதற்கு ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்று தயாராக இருக்கிறது என்றார் நிலைய அதிகாரி. அவர் கெட்டவர் அல்ல; அந்தப் பெட்டியின் தூசியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார், அவ்வளவுதான். மகள் அய்ஷா, இன்னும் இரண்டு வருடத்தில் தானும் கல்லூரிக்கு வருவதாகவும், பக்கத்தில் உட்கார்ந்து அம்மா காப்பியடிக்கக் கூடாது என்றும் சொல்லிச் சிரித்தாள். கணவன் யெர்மெக் மூன்று நாள் யோசித்தான்.

"போன்னு சொன்னா துரத்திட்டான்பாங்க. போகாதேன்னா கட்டிப் போட்டான்பாங்க. நான் கதவுக்கு எண்ணெய் போடறேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே எண்ணெய் போட்டான்.

தன் கயிற்றைத் தானே அறுத்தால் நிற்காது என்பது தெரிந்ததும் ஊர் கூடிப் பல் மருத்துவரைத் தேர்ந்தெடுத்தது. தொடங்கிய எதையும் பாதியில் விடாத மனிதர். அவர் அறுத்தார். இரண்டு நாள் ரவ்ஷான் நுனிக்காலில் மெல்ல நடந்து, எதிரே வருபவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் கயிறு வந்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி அவளுடைய தாய்மாமன் கபித், நடைமேடையில் புகை போட்ட மீன் விற்பவர், கூடையோடு அறிவிப்பு அறைக்கு வந்தார். அவள் குழந்தையாக இருந்தபோது முதல் கயிற்றை அறுத்தவர் அவர்தான். அல்மாட்டியில் பொறியியல் படிக்கும் மாணவன் என்று எழுபது பேர் முன்னால் அவள் அம்மா அவர் கையில் கத்திரியைக் கொடுத்த புகைப்படம் இன்னும் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சட்டையில் கல்லூரிப் பதக்கம் மின்னும்.

"அந்தப் பதக்கம் இரவல்" என்றார் கபித். "மூணாம் வருஷம், குளிர்காலத்துலயே விட்டுட்டேன். யாருக்கும் சொல்லல."

"அப்புறம் ஏன் மாமா வெட்டுனீங்க?"

"கத்திரி கைக்கு வந்துடுச்சு. உங்கம்மா வேற அழுதுட்டு இருந்தா, சந்தோஷத்துல."

பிறகு கால்சட்டையைச் சற்று உயர்த்திக் காட்டினார். மீன் புகையும் எண்ணெயும் ஏறிப் பழுப்பாகிப்போன கயிறு. முட்டி வலி என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த நடைக்கு வயது முப்பத்தைந்து.

ரவ்ஷானுக்குக் கோபம் வந்தது. ஒரு பகல் முழுவதும் ரயில்களின் எண்களை அவள் பற்களுக்கிடையில் சொன்னாள். அன்று எல்லா ரயில்களும் சற்று முறைப்பாகவே வந்து நின்றன. மாலையில் ஜன்னல் வழியே மாமா கூடையோடு நடைமேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அரை அடி அரை அடியாக வைத்துப் போவதைப் பார்த்தவள், பழைய பழக்கத்தில், ரயில் அட்டவணையின் பின்புறம் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு இத்தனை முறை, வருடத்துக்கு இத்தனை நாள், முப்பத்தைந்து வருடம். அந்த மனிதர் கட்டிய காலோடு அல்மாட்டிக்குப் போய் வரும் தூரத்தைப் பல தடவை நடந்து முடித்திருந்தார். தாளை மடித்துக் கல்லூரிக் கடிதத்தோடு வைத்தாள்.

முப்பதாம் தேதி காலை அய்ஷா பையில் ரொட்டி வைத்தாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அறிவிப்பு அறையிலிருந்து மூன்றாம் பெட்டிக்கு அரை அடிக் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. ரயிலோ இரண்டு நிமிடம்தான் நிற்கும். ஆகவே ரவ்ஷான் ஒலிபெருக்கியில் அல்மாட்டி ரயில் வந்து நிற்பதாக நான்கு நிமிடம் முன்னதாகவே அறிவித்தாள். அவள் குரலை மறுத்துப் பழக்கமில்லாத ரயில் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்து, நேரம் ஆகும்வரை நின்றது. நிலைய அதிகாரி ஒலிப்பதிவுப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

படியேற முடியாமல் அவள் நின்றபோது, ரயில் பணிப்பெண் கயிற்றைப் பார்த்தாள். "ரெண்டு காலையும் சேர்த்துத் தூக்குங்கக்கா, போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் ஏறினார்" என்று கை கொடுத்தாள். ரவ்ஷான் கயிற்றோடு ஏறினாள்.

கபித் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரயில் அசைந்தது. அவர் கூடவே அரை அடி அரை அடியாக ஓடினார், அவர் ஓடி ஊர் பார்த்தது அன்றுதான்.

"முடிச்சிட்டு வந்தா, என்னோடதை நீ வெட்டி விடுறியாம்மா?"