இன்னைக்கு இல்ல

வரிசையின் நடுவில் மகனின் தலையைப் பார்த்ததும் டொரீனுக்கு வாயிலிருந்த காப்பி கசந்தது. ஏரிக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் காலையில் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தான். அவனுடைய உயரத்துக்கு எந்தக் கூட்டத்திலும் ஒளிந்துகொள்ள முடியாது. நீலச் சட்டை, காது வரை வளர்ந்த செம்பட்டை முடி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அவன் தோளில் சாய்ந்தபடி நின்றாள். அவளை டொரீன் அதுவரை பார்த்ததில்லை.

லைப்சிக் நகரின் மேற்குப் பக்கத்தில், பழைய நூற்பாலை ஒன்றில் இருந்தது அந்த கிளப். சனிக்கிழமை இரவு தொடங்கிய ஆட்டம் ஞாயிறு முற்பகலாகியும் ஓயவில்லை. தோட்டத்தையும் திறந்துவிட்டிருந்தார்கள். இரவெல்லாம் ஆடியவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வர, வீட்டில் நன்றாகத் தூங்கி, குளித்து, ரொட்டி தின்றுவிட்டு வந்தவர்கள் உள்ளே போகிற நேரம். வாசலில் உயரமான முக்காலி ஒன்றில் டொரீன் உட்கார்ந்திருப்பாள். முகத்தைப் பார்ப்பாள். ஒரு கேள்வி கேட்பாள். பிறகு தலையசைப்பாள், அல்லது "இன்னைக்கு இல்லப்பா" என்பாள். காரணம் சொல்வதில்லை. அதுதான் அந்தக் கதவின் விதி. தலையசைப்புக் கிடைத்தவர்களின் பையைச் சோதித்து, யாரும் படம் எடுக்காதபடி போன் கேமராவின் மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்புவது உவேயின் வேலை. தாடியும் தொப்பையுமாக ஆள் மலை போல இருப்பான். ஆனால் குரல் மென்மையானது.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு பையன் விழுந்தான். மஞ்சள் நிறப் போதை மாத்திரை, அதில் ஆந்தைப் படம் அச்சடித்திருந்தது. வழக்கமானதைவிடப் பல மடங்கு வீரியம் என்று பிறகுதான் எல்லா கிளப்களுக்கும் எச்சரிக்கை வந்தது. அவன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். வாரத்தின் நடுவில் அவனுடைய தாய் கிளப்புக்கு வந்தாள். மகன் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பகலில் காலியாகக் கிடந்த தோட்டத்துக்கு டொரீன்தான் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாள் புல்லைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, கோபமே இல்லாமல், வழி கேட்பது போல, "உள்ள விட்டது நீங்கதானா?" என்று கேட்டாள். டொரீன் ஆமாம் என்றாள். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து டொரீனுக்குச் சரியான தூக்கம் இல்லை. கதவில் உட்கார்ந்தால் ஒவ்வொரு முகமும் விழப்போகிற முகமாகவே தெரிந்தது.

இப்போது யானிக் வரிசையில் நகர்ந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பதினெட்டு முடிந்த அன்று இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கதவில் அவள் அவனுக்கு அம்மா இல்லை. கதவுக்காரியின் மகன் என்று தெரிந்துவிட்டால் பழகுகிறவர்கள் எல்லாம் உள்ளே நுழையத்தான் பழகுவார்கள் என்று அவன் பயந்தான். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் இதுவரை அவன் இந்தக் கதவுக்கு வந்ததே இல்லை. ஏன் இன்றைக்கு? ஏன் பொய் சொல்லிவிட்டு? அவனுக்கு முன்னால் நின்ற மூன்று பேரை அவள் என்ன கேட்டாள், என்ன பதில் வந்தது என்பதே அவள் மனதில் தங்கவில்லை.

அவன் முன்னால் வந்து நின்றான்.

"யாரோட மியூசிக்கைக் கேக்க வந்த?" என்றாள்.

"தோட்டத்துல மத்தியானம் பாட்டு போடுறவங்களோடதை." அவன் குரல் வறண்டிருந்தது. "உள்ள உக்கார இடம் இருக்கும்ல? நிழலா? தண்ணியெல்லாம் கிடைக்கும்ல?"

உவே சிரித்துவிட்டான். "தம்பி, ஆட வந்தியா, பிக்னிக் வந்தியா?"

யானிக் சிரிக்கவில்லை. அம்மாவின் கண்களையே பார்த்தான். அந்தப் பார்வையை டொரீன் கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டாள். கூட வந்தவள் முன்னால் அவமானப்படுத்திவிடாதே என்கிற கெஞ்சல். அவளுக்குள் ஊஞ்சல் ஆடியது, புல் தெரிந்தது, ஒரு தாயின் அமைதியான குரல் கேட்டது. ஆட்களின் முகத்தைப் படித்தே சோறு தின்கிறவள், பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணை ஒரு தரம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு இல்லப்பா."

அவன் உடனே நகரவில்லை. உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது. பின்னால் யாரோ "நகருப்பா" என்றார்கள்.

"சரிங்க," என்றான்.

அந்த ஊரில், அந்தக் கூட்டத்தில், யாரும் யாரையும் 'ங்க' போட்டுப் பேசுவதில்லை. அந்த ஒரு 'ங்க' அவளைப் போய்க் குத்தியது. அந்தப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் கால்வாய்ப் பக்கமாகத் திரும்பி நடந்தான்.

அடுத்து வந்த நாலைந்து பேரை அவள் ஒன்றும் கேட்காமலே உள்ளே விட்டாள். உவே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டான்.

"உன் பையன்தானே? ஏன் விடல?"

"பயமா இருக்கு உவே."

"பயமா இருந்தா உள்ளல்ல விட்டிருக்கணும்? உள்ள லியோனி முதலுதவிப் பெட்டியோட உக்காந்திருக்கா. மெத்தை இருக்கு, தண்ணி இருக்கு, நிழல் இருக்கு. வெளிய என்ன இருக்கு?"

டொரீன் திரும்பி அவனைப் பார்த்தாள். தண்ணீர், நிழல், உட்கார இடம். யானிக் கேட்டது இதைத்தான். ஆட வந்தவன் எவன் இதையெல்லாம் கேட்பான்? அந்தப் பெண் தோளில் சாய்ந்திருந்தது கொஞ்சலுக்கு அல்ல என்று இப்போது தோன்றியது. இவ்வளவு வெயிலில் அவள் உடம்பு நடுங்க, தாடையை இடமும் வலமுமாக அரைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பார்க்காதது போலப் பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது.

போன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள். அப்புறம் மணியே அடிக்கவில்லை. 'எங்க இருக்க' என்று அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. அவள் முக்காலியிலிருந்து இறங்கி வரிசையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"இங்க விடலைன்னா இன்னைக்கு எல்லாரும் எங்க போவீங்க?"

வரிசை முழித்தது. வெள்ளி நகப்பூச்சுப் போட்ட ஒரு பெண், மாட்டிக்கொண்டவளைப் போல, "ரயில் பாலத்துக்கு அந்தாண்ட காட்டுக்குள்ள ஒரு பார்ட்டி நடக்குது. அங்கதான்," என்றாள்.

"உவே, கதவைப் பாத்துக்க."

"நானா? எனக்கு இல்லன்னு சொல்ல வராதே. எல்லாரையும் விட்டுருவேன்."

"விடு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு மிதித்தாள். படகில் போகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள், ஐஸ்கிரீம் வாங்க நிற்கும் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பெஞ்சில் நீலமாக எது தெரிந்தாலும் பிரேக் பிடித்தாள். அவன் சாப்பிட்டிருப்பானா மாத்திரையை? அவள் மட்டுமா, இரண்டு பேருமா? தனியாக அவனை வளர்த்த காலமெல்லாம் இந்த மாதிரி விஷயங்களை மூடி மறைக்காமல் பேசித்தான் வளர்த்தாள். எதைத் தொடாதே, தொட்டால் என்ன செய், யாரைக் கூப்பிடு. எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். கடைசியில் கூப்பிடத்தான் அவன் வந்திருக்கிறான். அந்த நினைப்பு வந்ததும் கால் தானாக வேகமெடுத்தது.

பாலத்தைத் தாண்டியதும் இசைக்கு முன்னால் ஜெனரேட்டரின் உறுமல்தான் கேட்டது. அப்புறம் தரை வழியாக இசையின் அதிர்வு. சைக்கிளைப் புதரில் போட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஓடினாள். மரங்களுக்கு நடுவே இரண்டு ஸ்பீக்கர், ஒரு மடக்கு மேசை, எழுபது எண்பது பேர். முகமெல்லாம் மினுமினுப்புப் பூசிய ஒரு பையன் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"அடேய், யாரு வந்திருக்கான்னு பாருங்கடா! கதவுக்கார அக்கா!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களில் பாதிப் பேரையாவது அவள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பி அனுப்பியிருப்பாள். மினுமினுப்புப் பையன் பாதையை மறித்து, கையைக் கட்டிக்கொண்டு, அவளைப் போலவே தலையைச் சாய்த்து, மேலும் கீழும் பார்த்தான்.

"மன்னிச்சுக்கக்கா. இன்னைக்கு இல்ல."

சிரிப்பு வெடித்தது. யாரோ விசில் அடித்தார்கள். டொரீன் மூச்சு வாங்க நின்றாள்.

"என் மகனைத் தேடுறேன்," என்றாள்.

பையனின் முகம் மாறிவிட்டது. கட்டியிருந்த கை தானாக இறங்கியது. "நெட்டையா, நீலச் சட்டையா? ஓடைப் பக்கம்க்கா. ஒரு பொண்ணு படுத்திருக்கா. வாக்கா."

யானிக் சட்டையைக் கழற்றி ஓடைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பெண்ணின் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றிக்கொண்டிருந்தான். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தான். கறுப்புக் கண்ணாடி புல்லில் கிடந்தது. அவள் கண்கள் பாதி திறந்திருந்தன. கண்மணி மட்டுமே தெரியும்படி விரிந்த கறுப்பு. டொரீன் நெற்றியில் கை வைத்தாள். வேர்வையே இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலக் கொதித்தது.

"எப்ப போட்டா?"

"ட்ராம்ல. போட்டுட்டு அப்புறம்தான் சொன்னா. ஆந்தை." அவன் நிமிராமலே பேசினான். "நான் போடல. ஃப்ரீடா மட்டும்தான்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? போட்டுட்டு வர்றவங்களை விட மாட்டோம்னு நீதானே சொல்லியிருக்க? பின்னால அவ்வளவு பேர் நிக்கிறாங்க. உள்ள போயிட்டா லியோனி பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன்." அவன் சட்டையைப் பிழிந்தான். "கண்ணால சொன்னேன்மா. நீதான் யார் கண்ணைப் பாத்தாலும் சொல்லிருவேன்னு பீத்திக்குவியே."

போனை எடுத்தாள்.

"பார்ட்டி நடத்துறவங்க ஆம்புலன்ஸ் வேண்டாங்கறாங்க," என்று மேசைப் பக்கம் கையைக் காட்டினான். "போலீஸ் வந்தா ஸ்பீக்கர் மொத்தமும் போயிருமாம். என் போன் வேற செத்துப்போச்சு."

"ஸ்பீக்கர் போனா போகட்டும்."

ஆம்புலன்ஸ் காட்டுக்குள் வராது, பாலத்தடிக்குக் கொண்டுவர வேண்டும் என்றது மறுமுனைக் குரல். யாரோ கொடுத்த போர்வையில் தூக்கினார்கள். ஒரு முனையில் யானிக், ஒரு முனையில் டொரீன், இன்னொன்றில் மினுமினுப்புப் பையன், நாலாவதை யாரென்று தெரியாத ஒரு பெண் ஓடிவந்து பிடித்தாள். கூட்டத்தின் நடுவேதான் பாதை. ஆட்கள் விலகினார்கள். யாரோ இசையை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் ஒருத்தன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். அவனைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்த வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் மட்டும் விடாமல் ஓடியது. போர்வைக்குள் ஃப்ரீடாவின் கால் இரண்டு முறை வெட்டி இழுத்தது. "பேசிட்டே இரு, பேசிட்டே இரு," என்று டொரீன் யானிக்கிடம் சொன்னாள். அவன் என்ன பேசுவதென்று தெரியாமல் ஃப்ரீடாவின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

பாலத்தடியில் இறக்கி வைத்தபோது ஃப்ரீடாவின் கண் கொஞ்சம் அசைந்தது.

"நீங்க யாரு?" இறுகிய பல்லுக்கு நடுவே வார்த்தை சப்பையாக வந்தது.

"யானிக்கோட அம்மா."

"சொல்லவே இல்லையே," என்றாள். சிரிக்கப் பார்த்தாள் போல. கை காற்றில் தேடி, டொரீனின் இரண்டு விரல்களைப் பற்றிக்கொண்டது. பிறகு கண் மேலே செருகியது.

வண்டி வந்தது. இளைஞன் ஒருவனும் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியும் இறங்கினார்கள். என்ன போட்டாள், எப்போது போட்டாள் என்று மட்டும் கேட்டார்கள், வேறெதுவும் கேட்கவில்லை. ஊசி குத்தினார்கள், பனிக்கட்டிப் பைகளை வைத்தார்கள், ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். "ஒருத்தர் கூட வரலாம்," என்றாள் அந்தப் பெண். யானிக் முன்னால் வந்தான். ஆனால் ஃப்ரீடாவின் பிடி விடவில்லை. நினைவில்லாத அந்தக் கை டொரீனின் விரல்களை எலும்பு நோகும்படி இறுக்கியிருந்தது. பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

"நீங்களே ஏறுங்க. சீக்கிரம்."

டொரீன் மகனைப் பார்த்தாள். சட்டையில்லாத மார்பெல்லாம் சேறு. சின்ன வயதில் விழுந்து எழுந்தால் அழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அதே முகம்.

"யானிக், நான் அங்க..."

"போம்மா," என்றான். "போ. பேசிட்டு நிக்காத."

கதவு மூடியது. உள்ளே இதயத்துடிப்பைக் காட்டும் கருவி ஒன்று வேக வேகமாகக் கூவத் தொடங்கியது. அந்த இளைஞன் அதைப் பார்த்துவிட்டுத் தன் கூட்டாளியை ஒரு மாதிரிப் பார்த்தான். டொரீன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். யானிக் புதருக்குள் குனிந்து அவளுடைய சைக்கிளை இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். ஏறினான். சீட்டு அவனுக்கு ரொம்பத் தாழ்வு. முழங்கால் இரண்டும் மார்பை இடிக்க, வெற்று உடம்போடு, வளைந்து வளைந்து மிதித்தான். வண்டி தார்ச்சாலையைத் தொட்டு வேகமெடுத்தது. அவன் சின்னதாகிக்கொண்டே வந்தான், மிதிப்பதை நிறுத்தவில்லை.