முகத்தைத் திருப்பிக் கேட்பவர்

வயலின் வித்வானான அப்பாவின் வாழ்க்கைப் படத்துக்காக ஒரு பழைய கிடங்குக்குள் போட்டிருந்த செட்டில் அவருடைய அறை அச்சு அசலாக இருந்தது. ஜன்னல், அதன் கீழே சாய்வு நாற்காலி, சுவரோரம் வயலின் பெட்டி. மூத்த மகளுக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே உறுத்தியது. யாரோ நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பாவாக நடிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கச்சேரி ஏற்பாட்டாளராக நடிப்பவர் வந்து நின்று ஏதோ கேட்டார். நடிகர் சட்டென்று பதில் சொல்லவில்லை. முகத்தை இடப்பக்கம் மெல்லத் திருப்பி, வலது காதை முன்னால் கொடுத்து, கண்ணை லேசாகச் சுருக்கிக் கேட்டார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

"கட்! அருமை சார்!" இயக்குநர் துள்ளிக் குதித்தார். "அந்தத் திமிர் அப்படியே வந்துடுச்சு. பெரிய கலைஞன்னா யாருக்கும் நேரா மூஞ்சியக் குடுக்க மாட்டான்!"

அது திமிர் இல்லை. கடைசி வருடங்களில், வயலினை ஒட்டிய இடது காது அப்பாவுக்கு அடைத்தே போய்விட்டது; வலதும் மங்கிக்கொண்டு வந்தது. கச்சேரிக்கு முன் திரைக்குப் பின்னால் சுருதி சேர்த்துக் கொடுத்தது மூத்தவள். கூட வாசிப்பவரின் கையைப் பார்த்தே அப்பா சமாளித்தார். அந்தக் காலத்து வாசிப்பைத்தான் எல்லோரும் 'குறைத்து வாசித்து நிறைய சொன்ன காலம்' என்று தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். காது விஷயம் வெளியே வந்தால் அதே வாய்கள் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். பாவம், கேட்காமல்தான் விட்டுவிட்டு வாசித்திருக்கிறார் என்று சொல்லும்.

அப்பா பிள்ளைகள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஆக, தெரிந்தது இரண்டே பேருக்கு. தான் சொல்லவில்லை. மீதி இருப்பது தம்பி.

கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் மறுபடி யோசித்தாள். இசைக்கலைஞர்களின் வாழ்க்கைப் படம் என்றால் தம்பிக்கு உயிர். அவனுக்குப் பிடித்தவை எல்லாம் ஒரே ரகம். ஒன்றில் பியானோக்காரர் விரல் மரத்துப்போனதை மறைப்பார். இன்னொன்றில் பாடகி தொண்டைப் புண்ணை மறைப்பாள். "ஒளிச்சு வெச்ச குறை இருந்தாதான்க்கா படம் நிக்கும். இல்லன்னா முதல் பாதி பசி, ரெண்டாம் பாதி குடி, கடைசியில கைதட்டல்" என்று ஒருநாள் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னவன் அவன். இந்தப் படம் எடுக்க வந்தவர்களை வீட்டுக்கு அழைத்து வந்ததும் அவன்தான்.

வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் நேராக அவன் கண்ணாடிக் கடைக்குப் போனாள். தம்பி ஒரு மூக்குக்கண்ணாடியின் காலுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தான்.

"வாக்கா. ஷூட்டிங் எப்படி? அப்பா வேஷம் பொருந்துதா?"

"ரொம்பப் பொருந்துது. காது வரைக்கும் பொருந்துது."

திருகாணி மேஜையில் உருண்டது. "என்னக்கா சொல்ற?"

"நடிக்காதடா. அங்க ஒருத்தர் நடிக்கிறது போதும். யார்கிட்ட சொன்ன? டைரக்டர்கிட்டயா?"

"சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல."

"பின்ன அவருக்கு எப்படித் தெரிஞ்சுது, கனவுலயா? அப்பா எப்படித் திரும்புவாரோ அப்படியே திரும்பறார். அப்பாவை நேர்ல பார்த்ததே இல்லையாம்!"

தம்பி அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு குனிந்து திருகாணியைத் தேட ஆரம்பித்தான். அந்த மௌனம் அவளுக்குப் போதுமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படி இருக்கும்?

"கடைசிக் கச்சேரி ரெக்கார்டிங் எல்லாம் என்கிட்டதான் இருக்கு. நாளைக்கே தர மாட்டேன்னு சொல்லிடறேன். அது இல்லாம ஊமைப்படம் எடுக்கட்டும். நீயும் இனிமே என் வீட்டுப் பக்கம் வராத."

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

அவள் படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் இயக்குநரைப் பார்ப்பதற்கு முன் நடிகரைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். அவர் வாயாலேயே தம்பியின் பேச்சு வந்துவிட்டால் மனதில் மிச்சம் மீதி இருக்காது. மேக்கப் அறையில் அவர் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். மேக்கப் போடும் பெண் அவர் தலைக்கு நரை பூசிக்கொண்டிருந்தாள்.

"நேத்து ரொம்ப நல்லா பண்ணீங்க" என்று ஆரம்பித்தாள். "அந்த முகம் திருப்பறது, அத யார் சொல்லிக் குடுத்தாங்க?"

நடிகர் கூச்சத்தோடு சிரித்தார். "கண்டுபிடிச்சுட்டீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. உங்களப் பார்த்துதான்."

"என்னையா?"

"பழைய வீடியோ எல்லாத்துலயும் அவர் வாசிச்சுட்டே இருக்கார். சும்மா இருக்கும்போது எப்படி இருப்பார்னு தெரியல. நீங்க அப்பாவை உரிச்சு வெச்ச மாதிரின்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் நீங்க வர்றப்பல்லாம் உங்களையே பார்த்துட்டிருந்தேன். யார் பேசினாலும் நீங்க இப்படித் திரும்பித்தானே கேக்கறீங்க?"

தம்பி எவ்வளவு அழகாகப் பாடம் சொல்லி வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் திறக்கப் போனாள். அதற்குள் நடிகர் அவளுக்கு இடப்பக்கமாகக் கையைக் காட்டினார்.

"அவங்க உங்களத்தான் கேக்கறாங்க."

மேக்கப் பெண் டீ கிளாஸை நீட்டிக்கொண்டு அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "என்னம்மா, கூப்பிட்டுட்டே இருக்கேன், கோபமா?"

மூத்தவள் டீயை வாங்கவில்லை. தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்க் கைப்பையைத் துழாவினாள். பள்ளிக்கூடத்தில் அவள் எடுக்கும் வயலின் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சுருதி காட்டும் இசைக்கவை அதில் கிடந்தது. முழங்காலில் தட்டி வலது காதருகே பிடித்தாள். தெளிவான, நீண்ட ஒலி. மறுபடி தட்டி இடது காதருகே பிடித்தாள். விரல்கள் அதிர்ந்தன. ஒலி எங்கோ மூடிய கதவுக்கு அப்பால் இருந்தது. சரியாகத் தட்டவில்லையோ என்று இன்னும் பலமாகத் தட்டினாள். முழங்கால்தான் வலித்தது.

வகுப்பில் இடப்பக்க வரிசைப் பிள்ளைகள் வர வர மெதுவாக வாசிக்கிறார்கள் என்று அவள் அதட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

கடையில் தம்பி தனியாக இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எதற்கும் தயாராக நிற்பது போல நின்றான்.

"எப்ப இருந்துடா உனக்குத் தெரியும்?"

"எது?"

"என் காது."

"ரெண்டு வருஷம் இருக்கும். பஸ்ஸுல, சாப்பாட்டுல, எங்க போனாலும் நான் உனக்கு வலது பக்கமாத்தான் உக்கார்றேன். நீ கவனிச்சதே இல்ல."

"ஏன்டா சொல்லல?"

"நீ மறைக்கறேன்னு நினைச்சேன். அப்பா மறைச்சாரே, நாம கேட்டோமா? நேத்து நீ வந்து கத்தினப்பதான் புரிஞ்சுது, உனக்கே தெரியலன்னு. அத எப்படிக்கா கடையில நின்னு சொல்றது?"

அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்பு என் மேலதான் என்று சொல்ல வந்தாள். வாய்க்குள்ளேயே அது நின்றுவிட்டது. அப்பாவின் ரகசியம் பத்திரமாகத்தான் இருந்தது. இயக்குநர் அதைத் திமிர் என்று கொண்டாடிக்கொண்டு போகட்டும். ரெக்கார்டிங்கைக் கொடுத்துவிடலாம். தன்னுடையதை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அப்பாவைப் போல அவளும் மறைக்கலாம். சுருதி சேர்த்துக் கொடுக்க இவன் இருக்கிறான்.

"பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா வகுப்பு போயிடும்டா."

"போகலாம். போகாமயும் இருக்கலாம். அப்பா டாக்டர்கிட்ட போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. உனக்கும் அப்படியே ஆக விடணுமா?"

"அவ்வளவு மோசமா இருக்குமா?"

"கண்ணா இருந்தா நானே பார்த்துச் சொல்லியிருப்பேன். காதுக்கு வேற கடைக்குத்தான் போகணும்."

அவன் விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரைப் பிடித்தான்.

"இப்பவேவா? வியாபார நேரம்டா."

"இப்பவேதான். விட்டா நாளைக்கு அந்த மேக்கப் போடறவ மேல சந்தேகப்படுவ."

ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் மறுபக்கம் போய் நின்று, அவனோடு சேர்ந்து இழுத்தாள்.